ஒவ்வொரு குளத்தின் கீழும் ஒரு ஊர்

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடித் திரிகிறவர்களுக்கு வவுனியா என்றால் பஸ் நிற்கும் இடம்; இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்து, இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, ஹோர்ன் அடித்ததும் ஓடி ஏறிவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படுவது ஏ9 வீதியும், அதன் இரு மருங்கிலும் நிற்கிற கடைகளும், வங்கிகளும், மணிக்கூட்டுக் கோபுரமும்தான். அந்தக் கடை வரிசைக்குப் பின்னால் திரும்பினால் ஒவ்வொரு குளத்தின் கீழும் ஒரு ஊர் இருக்கிறது. வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோவில்குளம், தாண்டிக்குளம், நெளுக்குளம், வேப்பங்குளம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அவை ஒவ்வொன்றும் தன் சாப்பாடும் தன் சாமியும் தன் பேச்சுமாக வேறாக இருந்துகொண்டே ஒரே பட்டினமாகவும் இருக்கின்றன. அதை அறிய இங்கே தங்க வேண்டும். முடிந்தால் சைக்கிளில் திரிய வேண்டும்.

நான் திரிந்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில், நெடுங்கேணிப் பக்கத்தில் வயலும் காடும் மாத்திரம் தெரிந்த ஒரு வீட்டிலிருந்து, உயர்தரச் சோதனை முடிந்த கையோடு வவுனியாவுக்கு வந்து, கந்தசாமி கோவிலுக்குக் கிட்ட ஒரு வளவின் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த நாட்களில் ரியூசன் என்றால் வாத்தியார்தான் பிள்ளையைத் தேடி வருவார். ஒரு ரலி சைக்கிள், கரியரில் மடக்கை அட்டவணைப் புத்தகம், சட்டைப்பையில் இரண்டு வெண்கட்டி. இவற்றோடு எந்தப் படலையையும் திறந்துகொண்டு உள்ளே போகலாம். நாய் குரைத்தால் வீட்டுக்காரர் விறாந்தையிலிருந்து “கணக்கு வாத்தியார் வாறார்” என்று அதட்டுவார். சந்தையடிக் கடைக்கார ஐயா ஒருவர், நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டறிந்து, “தம்பி, இது கணக்குப் பேராசிரியரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின ஊர், பயப்படாமல் படிப்பியும்” என்றார். 1947இல் வவுனியாத் தொகுதியில் வென்ற செ. சுந்தரலிங்கத்தைத்தான் சொன்னார்; கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்த அவரை நான் கண்டதில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பியே ஒரு மாதம் உற்சாகமாகச் சைக்கிள் மிதித்தேன். இருபது வயதில் மனிதனுக்குத் தேவையான ஊக்கம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதை இப்போது நினைக்க, அந்த வயதின் மேல் ஒரு பிரியம் வருகிறது.

பின்னேரத்தில் முதல் வீடு இறம்பைக்குளத்தில். ஹொரவப்பொத்தானை வீதியால் போனால் புனித அந்தோனியார் ஆலயமும் கன்னியர் மடத்துப் பெண்கள் பாடசாலையும் வரும். பாடசாலை விட்ட நேரமானால் வெள்ளைச் சீருடைகள் வீதியை நிறைத்துக்கொண்டு வர, சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். யூன் மாதத்தில் அந்தோனியார் திருவிழா தொடங்கிவிட்டால் கணக்கு ஓடாது. பிள்ளையின் காது கோவில் மணியில் இருக்கும், என் காதும் அங்கேதான் இருக்கும். சைவப் பிள்ளைகளும் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு அந்தோனியாரிடம் போவார்கள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவதில் அவரை மிஞ்சியவர் இல்லை என்பது ஊரின் பொது அபிப்பிராயம், அதற்கு மத வேறுபாடு கிடையாது. இன்றும் போகிறார்கள், மெழுகுதிரிக் கடைகளும் இருக்கின்றன. ஆனால் வீதி அகலமாகிவிட்டது, வானும் ஸ்கூட்டியும் ஓட்டோவும் பிள்ளைகளை வாசலிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. வீட்டுக்கு நடந்து போகிற அந்த அரை மணி நேரத்தில், தோழிகள் பேசி முடிக்க முடியாமல் சந்தியில் நின்று திரும்பத் திரும்பப் பிரியாவிடை சொல்லிக்கொள்கிற அந்தச் சுகம் இப்போது யாருக்கும் வாய்ப்பதில்லை.

மன்னார் வீதியால் குருமன்காட்டுச் சந்தியைத் தாண்டிப் போனால் பட்டாணிச்சூர். பாங்கு ஒலிக்கும் நேரத்துக்கு முன்னர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மிதிப்பேன். நோன்பு காலமென்றால் அதற்கு இன்னுமொரு காரணம் இருந்தது. நோன்பு திறந்ததும் ஒரு பெரிய கோப்பையில் கஞ்சி வரும், தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணக்க. அந்த வீட்டு மூத்தம்மா, “மகன், வெறும் வயித்தோட கணக்குச் சொல்லிக் குடுக்கேலாது, குடிச்சிட்டுத் தொடங்குங்க” என்பார். பெருநாளைக்கு வட்டிலப்பம். எங்கள் வீட்டில் பொங்கல் முடிந்து நான் கொண்டுபோகிற மோதகமும் முறுக்கும் அவர்களுடைய அடுப்படித் தட்டில் ஏறும். வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது என்பது இரு பக்கத்துக்கும் பொதுவான சட்டம். இப்போது அந்தச் சந்தியில் கொத்துரொட்டிக் கடைகள் இரவு நெடுநேரம் தாளம் போடுகின்றன, பிரியாணி போன் அழைப்பில் வீடு தேடி வருகிறது. சாப்பாடு வருகிறது, பாத்திரம் திரும்பிப் போவதில்லை. அதோடு அந்தப் பாத்திரத்தின் பின்னால் வந்த விசாரிப்பும் நின்றுபோய்விட்டது.

புகையிரத நிலையத்தடியில் ரயில்வே குவாட்டர்ஸ் இருந்தது. அங்கே ஒரு சிங்களக் குடும்பத்துப் பையனுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவனுக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்தாலும் ஒரு வாக்கியம் ஒழுங்காக அமையாது. ஆனால் இலக்கங்களைக் கொப்பியில் எழுதிவிட்டால் இருவருக்கும் விளங்கிவிடும். சித்திரை வருடப் பிறப்பு எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நாள் என்பதால், அன்று கிரிபத்தும் கொக்கிஸும் அங்கே, பொங்கலும் பலகாரமும் இங்கே என்று ஒரு பண்டமாற்று நடக்கும். வெசாக் பௌர்ணமிக்கு அவர்களோடு மடுக்கந்தை விகாரைக்குப் போயிருக்கிறேன். புத்தரின் தந்ததாதுவை அனுராதபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் அங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்லுகிற பழைய இடம் அது. பழங்காலக் கற்படிகளும் சந்திரவட்டக்கல்லும் அங்கே உண்டு. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி நிலையத்துக்குள் நுழைகிற நேரமானால், பாடம் தானாக நிற்கும். பையன் யன்னலுக்கு ஓடுவான். யாழ்ப்பாணத்து மாம்பழக் கூடைகளும் கொழும்புப் பத்திரிகைக் கட்டுகளும் ஒரே மேடையில் இறங்கும். வடக்கும் தெற்கும் கைகுலுக்குகிற இடம் பார்க்க வேண்டுமானால் அந்த மேடையில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

இரவாகி வீட்டுக்குத் திரும்பும் முன் கடைசிப் பாடம் ஊரின் ஓரத்தில், மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியிருந்த குடும்பங்களிடம். 1958இலும் அதைவிட அதிகமாக 1977இலும் நடந்த கலவரங்களில் தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் அமைப்பு அவர்களுக்கு நிலத்தையும் விதையையும் பாலர் பாடசாலையையும் கொடுத்து உதவிக்கொண்டிருந்தது. குப்பி விளக்கில் கொப்பி வைத்து எழுதுவோம். பாடம் முடிந்ததும் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் வரும். “சாப்பிடுங்க சார், இருட்டுல பசியோட போகக்கூடாது” என்று அந்த அம்மா சொல்லுகிற தமிழ், எங்கள் ஊர்த் தமிழிலிருந்து எவ்வளவு தூரத்துத் தமிழ் என்று அன்று வியப்பாக இருக்கும். நெடுங்கேணியில் வளர்ந்த எனக்கு மலைநாட்டின் தேயிலையையும் குளிரையும் லயன் வீட்டையும் அறிமுகப்படுத்தியது வவுனியாவின் அந்த இருட்டு ஓரம்தான். இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் நெடுங்காலம் தமிழகத்தில் இருந்து, முதுமையில் திரும்பி வந்து 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அவர்கள் நட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கச்சேரியிலும் வங்கியிலும் பாடசாலையிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் பேச்சில் மலைநாடும் வன்னியும் கலந்துவிட்டன.

இந்தப் பட்டினத்தில் யார் முதலில் வந்தவர், யார் பிறகு வந்தவர் என்று கேட்டால் பதில் சொல்ல நேரம் எடுக்கும். வன்னியர்கள் ஆண்ட நிலம் இது; 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி ஆங்கிலேயப் படைத்தளபதி டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் ஒரு நடுகல் சொல்கிறது, இன்று அந்தப் பண்டாரவன்னியன் வவுனியாக் கச்சேரிக்கு முன்னால் சிலையாக நிற்கிறான். 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் குளங்களும் காடும் காய்ச்சலும்தான் நிறைந்திருக்கின்றன. 1905இல் காங்கேசன்துறை வரை வடக்குப் புகையிரதப் பாதை நிறைவடைந்தது. நிலையம் வந்ததும் கடைகள் வந்தன, கடைகளோடு யாழ்ப்பாணத்து வியாபாரிகளும், முஸ்லிம் வியாபாரிகளும், சிங்களப் பேக்கரிக்காரரும், ரயில்வே தொழிலாளரும் வந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் துரத்தப்பட்டு வந்தவர்கள்.

நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த வீதிகள் தொண்ணூறுகளில் வேறு கணக்குக்கு உட்பட்டன. 1990 யூனில் வடக்கே போகும் ரயில் நின்றது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வவுனியாதான் கடைசி நிலையம். அந்த ஆண்டிலேயே சாளம்பைக்குளத்து முஸ்லிம் மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். போர் முடிந்த பிறகுதான் வந்து மறுபடி வீடு கட்டினார்கள். குவாட்டர்ஸ் வீட்டுப் பையனின் குடும்பம் அதற்கும் முன்பே போய்விட்டது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது, வன்னிக்குள் வந்த வெள்ளத்தின் ஒரு பகுதி வவுனியாவுக்குள்ளும் வந்து பூந்தோட்டத்திலும் வேப்பங்குளத்திலும் முகாம்களாகத் தங்கியது. இந்தியாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சிதம்பரபுரத்தில் முகாம் எழுந்தது. பாஸ் என்று ஒன்று வந்தது. நகருக்குள் இருக்க ஒரு பாஸ், வெளியே போக ஒரு பாஸ், அதைப் புதுப்பிக்க விடியப்புறத்திலிருந்து வரிசை. சைக்கிளில் பத்து நிமிடத்தில் போகிற பக்கத்துக் குளத்துக்குப் போக, ஆள் அடையாளம் சொல்ல ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. சிதம்பரபுரம் முகாமிலிருந்த ஒருவரின் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் அந்த முறைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்த்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் குளத்தைத் தவிர வேறு குளம் அறியாமல் வளர்ந்துவிட்டார்கள்.

ஆயினும் அந்த இருண்ட ஆண்டுகளில் இந்தப் பட்டினம் தன் கதவைச் சாத்தவில்லை. குருமன்காட்டு வீடுகளில் ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்று தங்கியது; யாழ்ப்பாணத்து ஆசிரியர் வந்து இங்கத்தைய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், கிளிநொச்சிக்காரர் வந்து கடை போட்டார், முல்லைத்தீவுக்காரர் வந்து சந்தையில் கருவாடு விற்றார். 2009இல் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் முகாம்களில், பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக்பாம் முட்கம்பிக்குள், வைக்கப்பட்டார்கள்; நகரத்துப் பாடசாலைகளும் முகாம்களாயின. உறவைத் தேடி வந்தவர்களுக்குத் தெரியாத வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் கொடுத்த வவுனியாவை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் முன்னர் படித்த பெண்ணொருத்தி, பட்டாணிச்சூரிலிருந்து தினமும் சோற்றுப் பார்சல் கட்டி முகாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த மூத்தம்மாவின் பேத்தி அவள். யாருக்கு அனுப்புகிறாய் என்று கேட்டேன். “ஆருக்கெண்டு தெரியாது சேர், பசிக்கிற ஆருக்கோ போகும்” என்றாள்.

இப்போது எல்லா வீதிக்கும் காப்பெற் போட்டாயிற்று. ரயில் 2011இல் ஓமந்தைக்கும், 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி போய்ச் சேர்ந்தது. அன்று தண்டவாளத்தடியில் நின்று கையசைத்த கிழவர்களில் நானும் ஒருவன். பம்பைமட்டு வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. பட்டப்படிப்புக்காக நாங்கள் ரயிலேறி விட்டுப்போன ஊருக்கு இன்று காலியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். இதைவிட மகிழ்ச்சி எனக்கு என்ன வேண்டும். வைரவபுளியங்குளத்தில் ரியூசன் சென்ரர்கள் வீதிக்கு வீதி நிற்கின்றன. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் இருந்து படிக்கிறார்கள், அதில் பலர் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகிறார்கள். அந்த ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகப் படிப்பிக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளையின் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது, எந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு வேலை போய்விட்டது, எந்த வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை என்பது ஒலிபெருக்கியில் படிப்பிக்கிறவருக்குத் தெரிய வழியில்லை. கணக்கு வாத்தியாருக்கு அது தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர் அடுப்படி வரைக்கும் போனவர்.

2017இல் ஏ9 வீதியில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். பழைய நிலையம் பெரிய பள்ளிவாசலுக்கும் பசாருக்கும் கிட்ட இருந்ததால், பஸ்ஸால் இறங்கினவன் நடந்தே மரக்கறிக்கும் புடவைக்கும் மருந்துக்கும் போய்விட்டு வரலாம். புதியது விசாலமானது, வசதியானது, ஆனால் ஊரின் வயிற்றுக்குள் இறங்குகிற அனுபவம் அதில் இல்லை. பூட்சிற்றியில் குளிரூட்டிய அறையில் விரால் கிடைப்பதில்லை, யூனிலும் யூலையிலும் காட்டிலிருந்து வருகிற பாலைப்பழம் கிடைப்பதில்லை. அவற்றை இன்னும் சாக்கில் கொட்டி வீதியோரத்தில் விற்கிற ஆச்சிமாரைத்தான் தேடிப் போக வேண்டும். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொள்ள, பாடத்துக்கு வந்து வாய் திறக்க முடியாமல் இருந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதே ஏ9 ஓரத்தில் 2017 முதல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் கொட்டகை போட்டு இருந்துவருகிறார்கள். காப்பெற் வீதியில் வேகமாகப் போகிற யாரும் அந்தக் கொட்டகையடியில் ஒரு நிமிடம் மெதுவாகப் போக வேண்டும்.

எனக்குப் பயம் தருவது குளங்களின் நிலை. வாய்க்கால்களுக்கு மேல் மதில் ஏறுகிறது, அலைகரையில் மண் கொட்டிக் காணி துண்டாகிறது, வவுனியாக் குளத்தின் ஒரு பகுதியை நிரப்பிப் பூங்கா அமைத்ததற்கு எதிராக ஊர்மக்கள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு குளம் நிறைந்து வழிந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்படி முன்னோர் வெட்டிவைத்த ஊர் இது. மேல் குளத்துக்காரன் யார், கீழ் குளத்துக்காரன் யார் என்று தண்ணீர் கேட்டதில்லை. மாரியில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறுகிறபோது காரணத்தை வானத்தில் தேடுகிறோம். அது நாங்கள் அடைத்த வாய்க்காலில் இருக்கிறது. குளங்கள் தொடர்பற்றுப்போனால் அவற்றின் கீழ் இருக்கிற ஊர்களும் தொடர்பற்றுப்போகும் என்றே நான் நம்புகிறேன்.

2012 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் சுமார் 1,72,000 பேர் இருந்தார்கள்: ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தமிழர், பத்தில் ஒன்று சிங்களவர், அதைவிடச் சற்றுக் குறைவாக முஸ்லிம்கள். அந்தத் தொகைக்குள் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் முல்லைத்தீவாரும் கிளிநொச்சியாரும் இருக்கிறார்கள். இப்போது எல்லோரும் ஒரே வீதியில் போகிறோம், ஒரே வங்கியில் வரிசையில் நிற்கிறோம். ஆனால் அடுத்த குளத்தில் இருக்கிறவரின் வீட்டுக்குள் போனவர்கள் எங்களில் எத்தனை பேர்?

அதனால் வவுனியாவில் இருக்கிற பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியூசனை விட்டுவிட்டுப் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றுங்கள். இறம்பைக்குளத்திலிருந்து தொடங்கி, கோவில்குளம் சிவன் கோவிலைக் கும்பிட்டு, மடுக்கந்தையைப் பார்த்து, பூந்தோட்டத்தால் வந்து, பட்டாணிச்சூரில் தேத்தண்ணி குடித்து, வைரவபுளியங்குளத்துக் கட்டில் இளைப்பாறுங்கள். வழியில் காண்கிற மூத்தவர்களிடம் அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள் என்று பிள்ளையைக் கேட்க வையுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.